எல்.இ.டி. வால் எவ்வளவு கரண்ட் எடுக்கும்? கணக்குப் போட்டு, அளந்து, குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கல்யாண மண்டபத்திலோ ஜவுளிக் கடையிலோ எல்.இ.டி. வால், அதாவது சுவர் போன்ற பெரிய வீடியோ திரை, போட நினைப்பவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்து, "பி எத்தனை?" என்பார்கள், அதாவது புள்ளிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று. கரண்ட் செலவைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் முதல் பில் வந்த பிறகுதான் வரும். அப்போது எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்வார்கள்: "ரெசல்யூஷன் அதிகம், அதனால் கரண்ட் அதிகம்."

இது பாதிதான் சரி. திரையின் மின்செலவைத் தீர்மானிப்பவை மூன்று: எவ்வளவு வெளிச்சத்தில் வைத்திருக்கிறோம், என்ன படம் ஓடுகிறது, எத்தனை மணி நேரம் ஆனில் இருக்கிறது. ரெசல்யூஷன் முக்கியமாக வேறோர் இடத்தில் செலவைக் கூட்டுகிறது. படமே இல்லாமல் திரை கறுப்பாக நிற்கும்போது எடுக்கும் மின்சாரம் அது. அதைத்தான் யாரும் அளப்பதில்லை, பில்லில் பெரிய ஓட்டையும் அதுதான்.

கணக்குக்கு ஒரே திரையைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். மண்டபத்துக்குள் வைக்கும் பி2.5 திரை. 640 × 480 மில்லிமீட்டர் கேபினெட் (திரையை அடுக்கிக் கட்டும் பெட்டி), குறுக்கே 6, உயரத்தில் 5, மொத்தம் 30. அகலம் 3.84 மீட்டர், உயரம் 2.4 மீட்டர், பரப்பு 9.2 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 100 சதுர அடி.

கரண்ட் எங்கே போகிறது

பி2.5 என்றால் ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடுவுக்கு 2.5 மில்லிமீட்டர். இந்த இடைவெளிதான் பிட்ச். ஒரு மீட்டரில் 400 புள்ளிகள், ஒரு சதுர மீட்டரில் 1,60,000. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்.இ.டி. இருப்பதால் ஒரு சதுர மீட்டருக்கு 4,80,000 எல்.இ.டி. பிட்ச்சைப் பாதியாக்கி பி1.25 வாங்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகி 6,40,000 ஆகிவிடும்.

அதனால் கரண்டும் நான்கு மடங்கா? இல்லை. ஒரு சதுர மீட்டரிலிருந்து வர வேண்டிய வெளிச்சம் அதேதான். புள்ளிகள் நான்கு மடங்கானால் ஒவ்வொன்றும் கால் பங்கு வெளிச்சம் தந்தால் போதும். எல்.இ.டி.க்களுக்குப் போகும் மொத்த கரண்ட் பெரிதாக மாறாது.

மாறுவது பின்னால் இருக்கும் டிரைவர் ஐ.சி.க்கள், அதாவது எல்.இ.டி.க்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சில்லுகள். கேபினெட்டில் பொருத்தும் 320 × 160 மில்லிமீட்டர் பி2.5 மாட்யூல் பலகையில் 128 × 64 புள்ளிகள். வரிசைகளை 32 முறையாக மாற்றி மாற்றி எரிப்பது 1/32 ஸ்கேன், அதில் ஒரு நேரத்தில் இரண்டு வரிசைகள் எரியும். 128 × 3 × 2 = 768 சேனல்கள், அதாவது கரண்ட் கொடுக்கும் வழிகள். 16 சேனல் ஐ.சி. என்றால் ஒரு மாட்யூலுக்கு 48 ஐ.சி. திரை கறுப்பாக இருந்தாலும் இவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். பிட்ச் சிறிதாக ஆக ஐ.சி.க்களின் எண்ணிக்கையும் ஏறும். ஸ்கேன் விகிதத்தை மாற்றி அதை ஓரளவு கட்டுப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். இதோடு படத் தகவலை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவிங் கார்டு கேபினெட்டுக்கு ஒன்று, பவர் சப்ளை தனக்குள்ளேயே இழக்கும் மின்சாரம் இரண்டையும் சேருங்கள். இந்த மூன்றும் சேர்ந்ததை அடிப்படைச் செலவு என்று வைத்துக்கொள்வோம்.

இன்னோர் இழப்பு சிவப்பில் இருக்கிறது. சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும். சாதாரணத் திரையில் மூன்றுக்கும் ஒரே 5 வோல்ட்தான் போகிறது. மிச்ச வோல்டேஜ் டிரைவர் ஐ.சி.யில் சூடாகப் போய்விடும். அதாவது சிவப்புக்கு அனுப்பும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெளிச்சத்துக்குப் பயன்படுவதே இல்லை.

"ரெசல்யூஷன் கூடினால் கரண்ட் கூடும்" என்ற நம்பிக்கை டிவியிலிருந்து வந்திருக்கலாம். எல்.சி.டி. டிவிக்கு அது பொருந்தும். அங்கே புள்ளிகள் நெருங்க நெருங்க வெளிச்சம் புகும் இடைவெளி சுருங்குகிறது. பின்னால் உள்ள பேக்லைட்டை அதிகமாக எரிக்க வேண்டியிருக்கிறது. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்செலவு வரம்பு 8கே டிவிகளுக்கும் வந்தபோது கம்பெனிகள் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம். எல்.இ.டி. வாலில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, பேக்லைட் கிடையாது.

படி 1: பிட்ச்சைத் தூரத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

அடிப்படைச் செலவை ஏற்றாமல் இருக்க முதல் வழி, தேவைக்கு மேல் சின்னப் பிட்ச் வாங்காமல் இருப்பது. சராசரிக் கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். கணக்காகச் சொன்னால், பிட்ச்சை 3,438ஆல் பெருக்கினால் வரும் தூரத்துக்கு அப்பால் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. பி2.5க்கு அது 8.6 மீட்டர், பி3.91க்கு 13.4 மீட்டர். இதைவிடக் கிட்டேயும் வசதியாகப் பார்க்கலாம். பி2.5க்கு 2.5 மீட்டர், பி4க்கு 4 மீட்டர் என்பது தொழிலில் சொல்லும் குறைந்தபட்ச தூரம்.

மண்டபத்தில் முதல் வரிசை நாற்காலி மேடையிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால் பி2.5ஏ தாராளம். அங்கே பி1.5 வாங்குபவர்கள், முன் வரிசைகளைத் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியாத புள்ளிகளுக்கு விலையும் கொடுத்து மாதாமாதம் கரண்டும் கட்டுகிறார்கள். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் 2023இல் எரியத் தொடங்கிய ஸ்பியர் கட்டடத்தின் வெளித்திரையில் விளக்கு வட்டுகள் 8 அங்குல இடைவெளியில் இருக்கின்றன. அதாவது பிட்ச் ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்! பக்கத்தில் நின்றால் வெறும் புள்ளிகள்தான். அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களுக்கு அது முழுப் படம்.

படி 2: இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்

விற்பவரின் தாளில் ஒரு சதுர மீட்டருக்கு "அதிகபட்சம்", "சராசரி" என இரண்டு வாட் எண்கள் இருக்கும். அதிகபட்சம் என்பது முழு வெளிச்சத்தில் திரை முழுக்க வெள்ளையாக எரியும்போது எடுப்பது. சராசரி என்பது சாதாரண வீடியோ ஓடும்போது எடுப்பது, பெரும்பாலும் அதிகபட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு.

அதிகபட்ச எண் வயருக்கும் ஜெனரேட்டருக்கும், சராசரி எண் பில்லுக்கும். இந்த இரண்டைக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் "என் திரை மாதம் பத்தாயிரம் தின்னும்" என்று பயப்படுகிறார், இன்னொருவர் சராசரிக்கு வயர் இழுத்து முதல் முகூர்த்தத்திலேயே எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் பிரேக்கர்) விழுகிறது என்கிறார்.

மூன்றாவதாக ஓர் எண்ணையும் கேளுங்கள்: கறுப்புத் திரையில் எத்தனை வாட்? தாளில் இது பெரும்பாலும் இருக்காது. சொல்லத் தெரியாதவரிடம், டெமோ திரையில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

நம் திரைக்குச் சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 600 வாட், சராசரி 200 வாட், கறுப்பில் 60 வாட் என்று வைப்போம். மொத்தமாக 5.5, 1.84, 0.55 கிலோவாட்.

படி 3: மாதக் கணக்கு

மண்டபத்தில் மாதம் 10 விசேஷம், ஒவ்வொன்றுக்கும் 8 மணி நேரம் என்றால் 80 மணி. 1.84 × 80 = 147 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தால் 1,470 ரூபாய். உங்கள் இணைப்பின் சரியான விலையைப் பில்லில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதே திரை ஜவுளிக் கடையில் தினம் 12 மணி நேரம் ஓடினால் 360 மணி, 662 யூனிட், 6,620 ரூபாய்.

இனிதான் அந்த ஓட்டை. விசேஷம் முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். திரை கறுப்பாகிவிட்டதால் ஆஃப் ஆகிவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். மாதத்தின் 720 மணியில் படம் ஓடிய 80 போக 640 மணி. 0.55 × 640 = 352 யூனிட், 3,520 ரூபாய். கல்யாணம் காட்டியதற்கு ஆன செலவைவிட ஒன்றும் காட்டாமல் நின்றதற்கு இரண்டு மடங்குக்கு மேல்! இந்த ஒரு விஷயத்துக்காகவே மண்டபக்காரர்கள் தங்கள் திரையை இன்றே போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். பின்பக்கம் போய்ப் பாருங்கள். ரிசீவிங் கார்டின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் திரை இன்னும் கரண்ட் எடுக்கிறது.

படி 4: வயர், பிரேக்கர், ஜெனரேட்டர்

இந்தப் பகுதியை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஒவ்வொரு கேபினெட்டிலும் மெயின் கரண்டை 5 வோல்ட்டாக மாற்றும் ஒரு எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை இருக்கிறது. பி.எஃப்.சி. என்ற பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ளதும் உண்டு, விலை குறைத்துத் தருவதற்காக அது இல்லாமல் வருவதும் உண்டு. பவர் ஃபேக்டர் என்பது இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு. திருத்தம் இருந்தால் அது 0.95க்கு மேல், இல்லாவிட்டால் 0.6 அளவில் நிற்கும். நம் 5.5 கிலோவாட் திரைக்கு முதல் வகையில் 25 ஆம்பியர், இரண்டாவது வகையில் 40 ஆம்பியர். மீட்டரில் ஓடும் யூனிட் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் வயர், பிரேக்கர், ஜெனரேட்டர் எல்லாம் பெரிதாக வேண்டும். ஜெனரேட்டரில் அது 5.8 கே.வி.ஏ.வுக்குப் பதில் 9.2 கே.வி.ஏ.

பி.எஃப்.சி. இல்லாத சப்ளைகளில் இன்னோர் ஆபத்து நியூட்ரல் வயர். திரையை மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரித்தால் நியூட்ரலில் கரண்ட் இருக்காது என்பது பழைய பாடம். இந்த வகை சப்ளைகள் கரண்டை நறுக்கி நறுக்கி எடுப்பதால் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது மெயின் கரண்டைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஆடும் கரண்ட், உண்டாகிறது. மூன்று ஃபேஸிலிருந்தும் வரும் அது ஒன்றையொன்று அழிக்காமல் நியூட்ரலில் சேர்ந்துவிடும். மோசமான நிலையில் நியூட்ரலில் ஓடுவது ஃபேஸ் கரண்டைப் போல 1.7 மடங்கு வரை போகலாம். நியூட்ரலை ஃபேஸ் வயரைவிட மெல்லியதாக ஒருபோதும் இழுக்காதீர்கள். முடிந்தால் ஒரு படி தடிமனாகவே இழுங்கள்.

எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதா? ஒவ்வொரு சப்ளையின் ஃபில்டரும் எர்த்துக்கு மிகச் சிறிய கரண்டை விடும். 30 சப்ளை சேர்ந்தால் அது விழும் அளவான 30 மில்லி ஆம்பியரைத் தொட்டுவிடலாம். கேபினெட்டுகளை இரண்டு மூன்று சர்க்யூட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்.சி.சி.பி. போடுவதுதான் வழி. ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். ஈரப் பூவும் தண்ணீரும் புழங்கும் மணமேடைக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்புச் சட்டம் நிற்கிறது. அதில் குழந்தைகள் கை வைப்பார்கள்.

எல்லாக் கேபினெட்டும் ஒரே நொடியில் ஆன் ஆனால் எழும் கரண்ட் எம்.சி.பி.யைத் தட்டிவிடும். அந்தத் திடீர் எழுச்சியைத் தாங்கும் சி வகை எம்.சி.பி., கூடவே வரிசை வரிசையாக ஆன் செய்யும் சீக்வென்சர் அல்லது கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்) போதும்.

டீசலில் ஓடும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். ஒரு லிட்டருக்கு 3 யூனிட் அளவுதான் கிடைக்கும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றால் யூனிட் 30 ரூபாய், மின்வாரிய விலையைப் போல மூன்று மடங்கு. ஜெனரேட்டருக்கு மாறியதும் திரை வெளிச்சத்தைக் குறைப்பதை ஆபரேட்டரின் பழக்கமாக்கிவிடுங்கள்.

படி 5: நீங்களே அளந்து பாருங்கள்

திரைக்கென்று தனி யூனிட் மீட்டர் வைப்பது நல்லது. அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்றும் எழுதியிருக்கும். 3,200 என்று இருந்தால், ஒரு நிமிடத்தில் 32 தடவை மினுக்கினால் 0.6 கிலோவாட். மினுக்கல் எண்ணிக்கையை 60ஆல் பெருக்கி 3,200ஆல் வகுத்தால் போதும். கிளாம்ப் மீட்டர் வைத்து அளப்பதானால் ட்ரூ ஆர்.எம்.எஸ். வகையாக இருக்கட்டும். மற்றவை இந்த நறுக்கிய கரண்டைத் தவறாகக் காட்டும். பவர் ஃபேக்டர் தெரியாமல் ஆம்பியரை மட்டும் வைத்து வாட் கணக்கிடவும் கூடாது.

அளக்க வேண்டியவை இவை:

1. திரை ஆனில், படம் முழுக் கறுப்பு.
2. நீங்கள் வழக்கமாக வைக்கும் வெளிச்சத்தில் முழு வெள்ளை, ஒரு நிமிடம் மட்டும்.
3. முழு வெளிச்சத்தில் முழு வெள்ளை, அதுவும் ஒரு நிமிடம்.
4. உங்கள் சொந்த வீடியோக்கள், அரை மணி நேரம்.

கறுப்பும் முழு வெள்ளையும் தெரிந்துவிட்டால் மற்றதைக் கணக்கிலேயே எடுக்கலாம். வெள்ளை அளவிலிருந்து கறுப்பு அளவைக் கழியுங்கள். அதை வெளிச்ச சதவீதத்தாலும் படத்தின் சராசரி ஒளியாலும் பெருக்கி, கறுப்பு அளவைக் கூட்டுங்கள். நம் திரையில் சராசரி ஒளி 30 சதவீதம் உள்ள வீடியோவை முழு வெளிச்சத்தில் ஓட்டினால் 0.55 + 4.95 × 0.3, அதாவது 2.03 கிலோவாட். வெளிச்சத்தை 40 சதவீதத்துக்கு இறக்கினால் 1.14 கிலோவாட்.

படி 6: வெளிச்சத்தை இறக்குங்கள்

கறுப்பு அளவைத் தாண்டிய செலவு வெளிச்சத்தோடு ஏறக்குறைய நேராக ஏறி இறங்கும். நம் கண் அப்படி இல்லை. வெளிச்சம் பாதியானால் கண்ணுக்கு அது முக்கால் பங்கு பிரகாசமாகத் தெரிகிறது. பாதிச் செலவை மிச்சம் பிடித்தாலும் பார்ப்பவர்கள் பெரிதாக உணர மாட்டார்கள்.

திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் சொல்வார்கள். உள்ளரங்கத் திரைகள் 600 முதல் 1,000 நிட் வரை தரும். மண்டபத்துக்கு 300, 400 போதும். மணமக்களுக்குப் பின்னாலேயே திரை இருந்தால் குறைப்பது கட்டாயம் என்பேன். திரை முழு வெளிச்சத்தில் இருந்தால் கேமராவில் மாப்பிள்ளையும் பெண்ணும் கறுத்துப் போவார்கள். அதைச் சமாளிக்க போட்டோகிராபர் முன்னால் இன்னும் நான்கு லைட் போடுவார், அந்தச் செலவும் உங்கள் மீட்டரில்தான் ஓடும்.

நோவாஸ்டார், கலர்லைட் போன்ற கன்ட்ரோலர்களில் வெளிச்சத்துக்கு ஒரு சதவீத அளவு இருக்கும். நேரத்துக்கு ஏற்றபடி தானாக மாற்றும் அட்டவணையும் வைக்கலாம். ஒரு எல்லை மட்டும் உண்டு. விலை குறைந்த டிரைவர் ஐ.சி. உள்ள திரைகளில் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் இருட்டான இடங்களில் நிறம் படிப்படியாக உடைந்து தெரியும். பட்டுப்புடவையின் மடிப்பு நிழலில் அது பளிச்சென்று தெரிந்துவிடும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 7: படத்தை மாற்றுங்கள்

இதை டிசைனரிடம் சொல்லிச் செய்யலாம், பைசா செலவில்லை. வெள்ளைப் பின்னணியில் பெயர் எழுதிய வரவேற்புப் படம்தான் திரைக்கு அதிகச் செலவு வைப்பது. அதுவும் விசேஷத்தின் பாதி நேரம் அசையாமல் நிற்கும்.

வெள்ளையைக் கொஞ்சம் சாம்பலாக்கினாலே பெரிய வித்தியாசம். படக் கோப்பில் வெள்ளையின் அளவு 255. அதை 204 ஆக்கினால் 80 சதவீதம். ஆனால் வெளிச்சம் 80 சதவீதம் ஆகாது. திரை அந்தப் பங்கைக் காமா என்ற அடுக்குக்கு உயர்த்தி வெளிச்சமாக மாற்றுகிறது. காமா 2.8 என்றால் 0.8 என்பது 0.54 ஆகிவிடும். முழு வெள்ளையில் 5.5 கிலோவாட் எடுத்த திரை 3.2 கிலோவாட்டுக்கு இறங்கும். பக்கத்தில் வைத்து ஒப்பிட வேறு வெள்ளை இல்லாததால் பார்ப்பவருக்கு அது வெள்ளையாகவே இருக்கும். கருஞ்சிவப்பு, கரும்பச்சைப் பின்னணியில் தங்க எழுத்து என்றால் இன்னும் குறையும், கல்யாணத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

படி 8: ஆஃப் என்றால் மெயினில் ஆஃப்

திரைக்குத் தனி மெயின் சுவிட்ச் அல்லது டைமர் கான்டாக்டர் வையுங்கள். சாவி மேனேஜரிடம் இருக்கட்டும். விசேஷம் முடிந்து விளக்கணைக்கும் பட்டியலில் இதுவும் ஒன்றாக வேண்டும். கடைக்கு, திறக்கும் நேரம் மூடும் நேரம் வைத்த டைமர் போதும்.

ஆனால் மாதக்கணக்கில் மூடிப்போடாதீர்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரம் எல்.இ.டி.க்குள் புகுந்துவிடும், பிறகு திடீரென முழு வெளிச்சத்தில் எரித்தால் புள்ளிகள் செத்துப்போகும். விசேஷம் இல்லாத வாரத்திலும் ஒரு தடவை இரண்டு மணி நேரம், குறைந்த வெளிச்சத்தில் தொடங்கி மெல்ல ஏற்றி ஓட்டுங்கள். அதற்காகும் சில யூனிட்டை மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது.

ஏ.சி. மண்டபம் என்றால்

திரைக்குள் போகும் மின்சாரம் எல்லாம் கடைசியில் ஹாலுக்குள் சூடாகத்தான் முடியும். 3.5 கிலோவாட் சூட்டை எடுக்க ஒரு டன் ஏ.சி. வேண்டும். நம் திரை சராசரியில் அரை டன்னும், முழு வெள்ளையில் ஒன்றரை டன்னும் கேட்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி. எடுப்பது திரை எடுத்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே திரைக்கு 147 யூனிட் என்றால் உண்மையில் 196. திரையில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் ஏ.சி.யிலும் கொஞ்சம் மிச்சமாகும்.

வெளியே வைக்கும் திரைகள்

நேர் வெயிலில் தெரிய 5,000 நிட்டுக்கு மேல் வேண்டும். ராத்திரியில் அதே வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு ஆபத்து. சில நூறு நிட் போதும், அதாவது பத்தில் ஒரு பங்கு. எனவே லைட் சென்சாரோ நேர அட்டவணையோ இல்லாமல் வெளித்திரை வைக்கக் கூடாது. சென்சாரைத் திரையின் சொந்த வெளிச்சம் விழாத இடத்தில் வையுங்கள். தூசி படிந்தால் பகலையும் இருட்டு என்று நினைத்துத் திரையை மங்கலாக்கிவிடும். மாதம் ஒருமுறை துடையுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத பின்னிரவில் அணைத்துவிடுவதே சரி. 2022 செப்டம்பரில் மின் நெருக்கடி வந்தபோது ஜெர்மனியில் இரவு 10 மணிக்குமேல் விளம்பர விளக்குகளை எரிக்கக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு

காமன் கேத்தோடு என்ற வகைத் திரையைப் பற்றி விற்பவர்கள் சொல்வார்கள். அதில் சிவப்புக்கு 2.8 வோல்ட், பச்சைக்கும் நீலத்துக்கும் 3.8 வோல்ட் எனத் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே அளவு கரண்ட் போவதாக வைத்துப் பார்த்தால், 5 வோல்ட் திரையைவிட எல்.இ.டி. பக்கம் 30 சதவீதம் மிச்சம். சூடும் குறையும். விலை அதிகம்.

வாங்கலாமா என்பதை மணிக்கணக்குதான் சொல்லும். சராசரியில் சதுர மீட்டருக்கு 60 வாட் மிச்சமானால் நம் அளவுத் திரைக்கு 0.55 கிலோவாட். மாதம் 360 மணி ஓடும் கடையில் அது 199 யூனிட், வருடத்துக்கு ஏறக்குறைய 24,000 ரூபாய். ஐந்து வருடத்தில் 1,20,000. விலை வித்தியாசம் அதற்குள் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். மாதம் 80 மணி ஓடும் மண்டபத்தில் வருடத்துக்கு 5,300 ரூபாய்தான் மிஞ்சும். அங்கே அந்தப் பணத்தைப் பி.எஃப்.சி. உள்ள பவர் சப்ளைக்கும் நல்ல வயரிங்குக்கும் போடுவதே என் யோசனை.

கொட்டேஷனில் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: அதிகபட்சம், சராசரி, கறுப்பு ஆகிய மூன்று வாட் எண்கள், அவை எத்தனை நிட்டில் எடுத்தவை, பவர் சப்ளையின் பெயர், பவர் ஃபேக்டர். திரையை ஒப்படைக்கும் நாளில் கறுப்பையும் முழு வெள்ளையையும் உங்கள் முன்னால் அளக்கச் சொல்லி, அந்த எண்களை வாரண்டி தாளிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த வருடச் சர்வீஸின்போது அதே இரண்டு அளவுகளையும் மறுபடி எடுங்கள். கறுப்பு அளவு ஏறியிருந்தால் பவர் சப்ளைகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.